நூற்றுக்கு ஆறு

ஒரு சின்னத் திருத்தம், சேர். வாக்குமூலத்தில் ‘டிமொறேரா’ என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். ‘டி’ தனி, ‘மொறேரா’ தனி. பஸ்தியான் டி மொறேரா. உங்கள் நெஞ்சில் குத்தியிருக்கிற தகட்டிலும் பெரேரா என்றுதான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் கல்லை எறிந்தால் ஒரு பெரேராவின் தலையில்தான் விழும். டி மொறேரா என்று தலைமன்னாரில் ஒரே ஒரு வீடுதான். குறை நினைக்காதீர்கள். பெயரை ஒழுங்காக எழுதினால்தான் கையெழுத்து வைக்க எனக்கும் மனம் வரும்.

நிறஞ்சலா என் மகள். ஒரே பிள்ளை, தாயில்லாமல் வளர்த்தது. அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. அவளுக்கு விளங்காத சிலதை மட்டும் நான் சொல்கிறேன்.

எங்கள் முதல் ஆள் ஒரு போர்த்துக்கீசக் கப்பித்தான். அவருடைய கப்பல் மூன்றாம் தீடையில் மோதி உடைந்தது. தீடை என்றால் உங்களுக்குத் தெரியும், இங்கிருந்து இராமேஸ்வரம் பக்கமாகக் கடலுக்குள் வரிசையாகக் கிடக்கிற மணல் திட்டுகள். கூட வந்தவர்கள் எல்லோரும் செத்தார்கள். அவர் மட்டும் செபமாலையைப் பல்லில் கடித்துக்கொண்டு கரைக்கு நீந்தி வந்தார். அந்த இரத்தம்தான் நாங்கள். திருவிழாவில் மாதாவின் சுரூபம் தூக்க முதல் தோள் எங்கள் வீட்டுத் தோள். இதுவரை எவனும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

றொசாந்தனின் தகப்பன் லோறன்ஸ் என் மீன் வாடியில் ஐஸ் உடைக்கிறவன். மகன் படித்து, மன்னார் ரவுணில் கணக்குப் படிப்பித்தான். படிப்பிக்கட்டும். கழுதைகூடத்தான் ரவுண் முழுக்கச் சுற்றித் திரிகிறது. அவன் ஒருநாள் என் மகளைக் கேட்டு வந்தான். குடல் கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம். முழுப்பெயர் என்ன என்று கேட்டேன். “லோறன்ஸ் றொசாந்தன்” என்றான். அதற்கு முன்னால்? ஒன்றுமில்லை. தகப்பனோடு நின்றுவிடுகிற பெயர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சனம் நின்றபோது, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

“கப்பித்தான் வீட்டுப் பெட்டையை எடுக்க இரத்தம் வேணும், தம்பி. இருந்தாக் கொண்டு வா, தாறன்.”

சனம் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் என் அண்ணனின் மகன் றொகான் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். எங்கள் பெயரின் வேரைத் தேடுகிறானாம். அதற்கென்று சின்னச் சின்னக் குழாய்கள் கொண்டுவந்திருந்தான்.

“எச்சில் துப்பினாக் காணும், சித்தப்பா. டிஎன்ஏ பாத்து எந்த நாட்டு இரத்தம் எண்டு சொல்லுவாங்கள்.”

“லோறன்ஸின்ர பொடியனுக்கும் ஒண்டு குடு,” என்றேன். “அவனும் துப்பட்டும். ஊர் பாக்கட்டும்.”

இரண்டு பேரும் துப்பினோம். துப்புவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, குழாய்க்குள் துப்பியதுதான் முதல் தடவை. றொகான் இரண்டையும் கனடாவுக்குக் கொண்டுபோனான். நானும் அதை மறந்துவிட்டேன். தெரிந்த விஷயத்துக்கு யார் காத்திருப்பார்கள்?

பிறகு ஒருநாள் மத்தியானம் அவன் வீடியோவில் வந்தான். நிறஞ்சலாதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சித்தப்பா, உங்களுக்குப் போத்துக்கல் ஒண்டுமில்லை. சைபர். றொசாந்தனுக்குத்தான் கொஞ்சம் கிடக்கு. நூத்துக்கு ஆறு.”

“அப்ப எங்கட பேர்?”

“அது ஞானஸ்நானத்தில வந்த பேர். அந்தக் காலத்தில கப்பித்தான் ஒருத்தர் ஞானத்தகப்பனா நிண்டா, வரிசையில நிண்ட சனம் முழுக்க அவற்ற பேர்தான். பேர் வந்தது, இரத்தம் வரேல்லை. எனக்கும் சைபர்தான். விடுங்கோ, சித்தப்பா.”

அவனுக்கு அது விடுகிற விஷயம். குளிருக்குள் முடங்கிக் கிடப்பவனுக்குப் பெயர் எதற்கு? ஆனால் நிறஞ்சலா சிரித்தாள், சேர். என் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, சனத்துக்கு முன்னால வாக்குக் குடுத்தனீங்கள்,” என்றாள்.

“ஓம், குடுத்தனான்,” என்றேன். வாக்கு மாறுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். எச்சில் என்ன பெரிய சாட்சி? நாய்க்கும்தான் வடிகிறது. கப்பித்தானின் இரத்தத்தைச் சோதிக்கக் கனடாவுக்கு ஏன் போகவேண்டும்? சோதனை எங்கள் கடலிலேயே இருக்கிறது. அவரே செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

றொசாந்தனைக் கூப்பிட்டு, “கலியாணப் பேச்சுக்கு முன்னம் கப்பித்தான் நீந்தின இடத்தை நீ பாக்கவேணும்,” என்றேன். புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். எனக்கென்று ஒரு பை நிறைய முறுக்கும் கொண்டுவந்தான். வள்ளத்தில் ஏறியதும் நான் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் நான் கடலில் கால் வைப்பதில்லை.

“எனக்கும் ஒண்டு தாங்கோ மாமா. எனக்கு நீந்தத் தெரியாது.”

அன்றுதான் முதல் தடவை என்னை மாமா என்று கூப்பிட்டான்.

“கப்பித்தான் என்ன சட்டை போட்டவர்?” என்றேன். அதற்கும் சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிப்பு அந்தப் பிள்ளைக்கு.

மூன்றாம் தீடையில் அவனை இறக்கினேன். அப்போது பத்துப் பேர் படுக்கிற அளவு மணல் வெளியே கிடந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பித் தண்ணீரும் ஏறினால் அது இருக்காது. படம் எடுக்கிறேன், நில் என்று சொல்லிவிட்டு நங்கூரத்தைத் தூக்கினேன். பகிடி என்று நினைத்துக் கையைக் காட்டினான்.

“நீந்தி வா, தம்பி. நீந்தி வந்தாப் பெட்டை உனக்கு.”

நான் அவனைத் தொடவில்லை. தள்ளவில்லை. விட்டுவிட்டு ஓடவும் இல்லை. கூப்பிடு தூரத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு, முறுக்கைத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை என்றால் ஒருவர் இருந்து பார்க்கத்தானே வேண்டும். நெடுநேரம் அவன் அதைப் பகிடி என்றே நினைத்துக்கொண்டு நின்றான். தண்ணீர் இடுப்புக்கு ஏறிக் காலுக்குக் கீழே மணலை அறுக்கத் தொடங்கிய பிறகுதான் நிறஞ்சலாவுக்குப் போன் எடுத்தான். அவள் ஆட்களைக் கூட்டி வள்ளம் இறக்குமுன்னம் காரியம் முடிந்துவிட்டது.

கடைசியில் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கத்தினான். “மாமா, எனக்கு அந்த ஆறு வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ.”

அந்தச் சொல்லுக்காகவாவது ஏற்றியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அதுவரைக்கும் எனக்கும் கொஞ்சம் யோசனை இருந்தது. அதைக் கேட்ட பிறகு இல்லை. எனக்குப் பிச்சை போட அவன் யார்?

லோறன்ஸ் இன்னும் கரையில்தான் நிற்கிறானாம். யாராவது அவனை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

றொசாந்தனைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், மறுக்கவில்லை. கூடவே கனடாக்காரரின் பரிசோதனை பிழை என்றும் எழுதுங்கள். நூற்றுக்கு ஆறு இருந்திருந்தால் ஆறு முழமாவது நீந்தியிருப்பான். நின்ற இடத்திலேயே போனான்.

என்ன கேட்டீர்கள்? எனக்கு நீந்தத் தெரியுமா என்றா?

தெரியாது, சேர். எனக்கு எதற்கு? எனக்குத்தான் பெயர் இருக்கிறதே.