ஆடு இருமாது

– சிமெண்டு மூட்டை தூக்குனியா, தண்ணிக் கொடம் தூக்குனியா? அத மொதல்ல சொல்லு, குருவம்மா. நான் செஞ்ச பிளேட்டு சும்மா ஒடையாது, புரியுதா?

– இருமுனேன், சுந்தரபாண்டி சார். வேற ஒண்ணும் செய்யல.

– இருமுனா ஸ்டீலு ஒடையுமா? இந்தக் கதைய ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்புல போயிச் சொல்லு.

– கதையா? இந்தா, ரெண்டு துண்டு. நாப்பது நாளு என் நெஞ்சுக்குள்ள கெடந்தது. டாக்டரு திரும்பக் கிளிச்சு எடுத்துக் கையில குடுத்தாரு. ஒடஞ்ச விலா எலும்பச் சேத்துப் பிடிக்கிற பிளேட்டாம்! எங்க வீட்டுக் கரண்டிக் காம்பு இதவிடக் கெட்டி.

– வாய அடக்கு. அங்கன பாரு மெஷின. கறிக்கடை ஆட்டு விலாவுல இதே பிளேட்ட முடுக்கி, மூச்சு விடுற மாதிரி பத்து லட்சம் தடவ இழுத்து விட்டுப் பாத்திருக்கேன். ஒரு கீறல் விழல. பத்து லட்சம்னா எம்புட்டுன்னு தெரியுமா உனக்கு?

– தெரியாமயா? சீசன்ல அம்புட்டு வெடிக்குத் திரி வச்சவுக நாங்க. சரி, உங்க ஆடு இருமுச்சா?

– என்னது?

– மூச்சுத்தான விட வச்சீக. இரும வச்சீகளா? இருவது வருசம் பட்டாசு மருந்து சலிச்சவ நானு. எங்களுக்கெல்லாம் மூச்சே இருமலாத்தான் வரும். அதுக்கு ஒரு பட்டன் இருக்கா இந்த மெஷின்ல?

– மெதுவாத்தான் இழுக்கும் அது. சடக்குனு வெட்டி இழுக்கிறது... அதெல்லாம் டெஸ்ட்டுல வராது.

– வராதுல்ல! கோயமுத்தூரு வரைக்கும் போயி பி.இ. படிச்ச மூளைக்கு எங்க இருமலு வராது. வெடிக் கம்பெனிச் செவரு விளுந்து விலா ஒடஞ்சவுகளுக்குன்னு பிளேட்டு செய்றீக. அவுக இருமுவாகன்னு தெரியல. த்தூ, இதுக்கு ஒரு வெள்ளக் கோட்டு வேற.

– ஏய், கத்தாத. வெளிய ஆளுக இருக்கு. உனக்கு இன்னும் கனமா ஒரு பிளேட்டு அடிச்சு, சும்மாவே தாரேன். பாரம் தூக்குனேன்னு இந்தத் தாள்ல ஒரு கைநாட்டு மட்டும் வச்சிட்டுப் போ.

– எனக்கு கையெளுத்துப் போடத் தெரியும். போட மாட்டேன். உங்க பிளேட்டும் வேண்டாம்.

– பெறகு எதுக்குத்தான் வந்த?

– என் மேல விளுந்த அதே செவுத்துக்கு அடியில கெடந்த மூணு பேரு நெஞ்சுக்குள்ளயும் உங்க பிளேட்டுதான் இருக்கு. இருமிச் சளியத் துப்பலைன்னா உசுருக்கு ஆகாதுங்காரு டாக்டரு. இருமுனா எனக்கு ஆனதுதான் ஆகும். முத்துப்பேச்சி, செல்லக்கனி, ஆண்டிச்சாமி, மூணு பேரும் வாயில துணியப் பொத்திக்கிட்டு உங்க வாசல்ல வேனுக்குள்ள உக்காந்திருக்காக. வந்து சொல்லுங்க, இருமலாமா வேண்டாமான்னு.