திரும்பிச்சா?

இல்லைங்க, பைத்தியம்லாம் இல்ல. ஏறுனதுல இருந்து தனியா சிரிச்சுக்கினு வர்றேன்னு தானே பாக்குறீங்க? கண்டக்டரும் அப்படித்தான் பாத்தாரு. பாண்டிக்கு ஒரு டிக்கெட்டுன்னு கேக்க வேண்டியது, பொண்ணு பொறந்துக்குதுன்னு சொல்லிட்டேன். அவரும், சரிம்மா, அதுக்கு டிக்கெட் வேணாம், நீ எங்க போவணும்னு கேக்குறாரு.

எனக்கா? அய்யோ, எனக்கு நாப்பத்தாறு வயசுங்க. பேத்தியும் இல்ல. என் பையன் கௌதம் இப்பதான் ஓசூர்ல வேலைக்கே சேந்திருக்கான். இது அமுதவல்லின்னு ஒரு பொண்ணு. பாண்டி ஆஸ்பத்திரியில காலையில அஞ்சே முக்காலுக்குப் பெத்தா. ரெண்டே முக்கால் கிலோ, சுகப்பிரசவம். அந்த சுகப்பிரசவம்தான் விசேஷமே. எட்டாவது மாசம் வரைக்கும் குழந்தை உள்ள சம்மணம் போட்டு உக்காந்துனு இருந்துச்சு. தலை திரும்பவே இல்ல. திரும்புனா பாப்போம், இல்லன்னா ஆபரேஷன், உடம்புல ரத்தம் வேற பத்தலன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

நான் இன்னா பண்ணுவேன்? மரக்காணம் உப்பளத்துல கூடை தூக்குறவ. மேரிசெல்வின்னு பேரு. ஜெபம்தான் பண்ண முடியும். ஞாயித்துக்கெழமை பூசையில மன்றாட்டு வாசிப்பாங்க இல்ல, போப்பாண்டவருக்காக, தலைவர்களுக்காக, நோயாளிங்களுக்காகன்னு, அந்த லிஸ்ட்டுல சத்தம் போடாம இந்தப் பொண்ணை நுழைச்சுட்டேன். அது பத்தல. வேலையிலயும் ஆரம்பிச்சேன். ஒரு கூடைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. பாத்தியில இருந்து உப்பு அம்பாரம் வரைக்கும் நடந்தா கரெக்டா ஆமென் வந்துடும்.

ஒரு நாள் மேஸ்திரி சகாதேவன் நிறுத்திட்டாரு. இன்னாம்மா, என்னைத் தாண்டும்போதெல்லாம் வாய் முணுமுணுக்குது, திட்டுறியான்னாரு. இல்லண்ணா, ஒரு குழந்தை தலை திரும்பணும்னு வேண்டிக்கிறேன்னேன். அவ்ளோதான். மறுநாள் வந்ததும் வராததுமா கேக்குறாரு, இன்னாம்மா, திரும்பிச்சா? அதுக்கு அடுத்த நாள் வரப்புல எதிர்ல வர்றவங்க எல்லாம் திரும்பிச்சா, திரும்பிச்சா. லோடு ஏத்த வர்ற லாரிக்கார பாய், நானும் துவா பண்றேம்மான்னுட்டுப் போனாரு. என்கூட தூக்குற சின்னப்பாப்பா ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்துறேன்னு வேண்டிக்கினா. அமுதவல்லி யாரு, எந்த ஊரு, ஒருத்தருக்கும் தெரியாது. நானும் சொல்லல.

எங்க பாஸ்கல் ஃபாதரை ஒரு தடவை கேட்டேன். ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, மத்தவங்களுக்காக நாம வேற எதுக்குப் போய் சொல்லணும்னு. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குற மாதிரி நெனைக்காதம்மா, ஒருத்தருக்காக ஜெபம் பண்றதுன்னா அவங்க பக்கத்துல போய் நிக்கிறதுன்னாரு. நான் அதை அப்படியே எடுத்துக்கினேன். அன்னிக்கு சாயங்காலமே முருங்கைக்கீரை ஒரு கட்டு, ஈரல் கால் கிலோ வாங்கிக்கினு அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போய் நின்னுட்டேன். கதவைத் தொறந்தவ அப்படியே நிக்கிறா. நானும் நிக்கிறேன். பைய நீட்டுனேன், வாங்கிக்கினா. அப்புறம் வாரா வாரம் போனேன். ஃபாதர் சிரிக்கிறாரு, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மான்னு.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கெழமை ஸ்கேன் எடுத்தா, திரும்பிடுச்சு. உப்பளத்துல மேஸ்திரி எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் குடுத்தாரு. எந்த சாமி திருப்புச்சுன்னு ஒரு பஞ்சாயத்து ஓடுச்சு பாருங்க, வேலையே நடக்கல. கடைசியில மேஸ்திரிதான், ஆளாளுக்குக் கூப்பிட்டா அது இன்னா பண்ணும், தொல்லை தாங்காம அதுவே திரும்பிடுச்சுன்னு முடிச்சு வெச்சாரு.

இது பொம்மையார்பாளையம் தானே? நேரம் இருக்குது.

சொந்தமா? இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் கள்ளச்சாராயம் குடிச்சுப் போனாரு. மூணு வருஷம் ஆவப்போவுது. அவருக்கு அந்தப் பாக்கெட்டை வித்தவன் சிலம்பரசன்னு ஒருத்தன். இப்ப ஜாமீன்ல வெளிய இருக்கான். அவன் பொண்டாட்டிதான் அமுதவல்லி.

அப்படில்லாம் பாக்காதீங்க. நான் பெரிய மனசுக்காரி இல்ல. அவர் போனதுல இருந்து பூசையில எல்லாரும் நோயாளிங்களுக்காக வேண்டும்போது, நான் இன்னா வேண்டுனேன் தெரியுமா? அந்த வீட்டுல ஒரு புள்ள தங்கக் கூடாது ஆண்டவரேன்னு. ஒரு ஞாயித்துக்கெழமை தவறல. அப்புறம் ரெண்டு மாசம் முன்னாடி, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பிரஷர் மாத்திரைக்கு லைன்ல நிக்கிறேன், எனக்கு முன்னாடி இவ, வயித்தைத் தள்ளிக்கினு. நர்ஸம்மாகிட்ட சொல்றா, மொதல்ல ஒண்ணு அஞ்சாம் மாசமே போயிடுச்சு மேடம், இதுவும் தலை திரும்பலையாம்னு. மாத்திரை வாங்காமலே வந்துட்டேன். நேரா கோயிலுக்குப் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். இந்த மாதிரி வேண்டுதலுக்கெல்லாம் ஆண்டவர் கையெழுத்துப் போட மாட்டாரும்மா, பயப்படாதன்னு ஃபாதர் சொன்னாரு. சொன்னாரே தவிர, எனக்கு நம்பிக்கை வரல. இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு.

நான் இப்படி வேண்டுனது அவளுக்கா? தெரியும்ங்க. பத்து நாள் முன்னாடி நானே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வெளிய போன்னுட்டா. கீரைய வாசல்லயே வெச்சுட்டு வந்தேன். அப்புறம் பேச்சே இல்ல. இன்னிக்குப் பாத்தி நடுவுல நிக்கிறேன், போன் அடிக்குது. அக்கா, பொண்ணு பொறந்துக்குது, வந்து தூக்குங்கன்றா.

அவனா? அவனும் அங்கதான் இருப்பான். கொழந்தைய அவன் கையில இருந்து வாங்குறா மாதிரிதான் இருக்கும். அவனுக்காகவும் வேண்டுறேன், பேர் வரைக்கும் வருதுங்க. அதுக்கு மேல இன்னும் வரல.

பாண்டி வரப்போவுது, கொஞ்சம் காலை மடக்குங்க, முன்னாடி போய் நின்னுக்கிறேன்.