அர்ச்சனைக்கு ரெண்டு நட்சத்திரம்

— குனிஞ்சு வாங்க அத்தை, நிலை தாழ்வா இருக்கு.

— ஆயிரம் வருஷத்து வாசல் கண்ணு. எவ்வளவு பெரிய ராசாவும் இங்க குனிஞ்சுதான் வந்தாகணும். இங்க பாரு, யாளி வாய்க்குள்ள ஒரு கல்லு உருளுது. புதுக் கண்ணாடி போட்டப்புறம்தான் எனக்கு இதெல்லாம் தெரியுது.

— நான் வேலை பார்க்கிற கடைக்கே, நான் லீவு போட்ட நாளாப் பார்த்துப் போயிருக்கீங்க.

— உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான். அந்த லென்ஸ் போடுறவரு தங்கமான மனுஷன். மூக்குல உறுத்துதுன்னு மூணு நாள் போனேன், மூணு நாளும் முகம் சுளிக்காம வளைச்சுக் கொடுத்தாரு.

— சரி, இன்னைக்காவது உங்க பிள்ளை நட்சத்திரத்தைச் சொல்லிடாதீங்க அத்தை. அவரு போய் நாலு வருஷமாச்சு. இல்லாதவங்க பேருக்கு அர்ச்சனை கிடையாதுன்னு குருக்கள் போன தடவை பாதி மந்திரத்துல நின்னுட்டாரு.

— முப்பது வருஷம் சொன்ன வாய், கண்ணு. உன் நட்சத்திரத்தைச் சொன்னா அவனோடது தானா பின்னாடியே வந்துடுது.

— அத்தை, அந்த லென்ஸ் போடுறவரு என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— முடியாதுன்னுட்டேன்.

— பிடிக்கலையா?

— பிடிக்காம என்ன. நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடக்கூட ஆள் கிடையாது. உங்களை அப்படி விட்டுட்டுப் போய் எனக்கு என்ன வாழ்க்கை வேண்டிக்கிடக்கு.

— வரிசை நகருது, நட.

— கோபமா?

— சன்னதிக்கு வந்தாச்சு, பேசாத. தட்டை என்கிட்ட கொடு.

— வாங்கோம்மா. நீங்க சொல்லவே வேண்டாம், எனக்கு மனப்பாடம். மருமகளுக்கு உத்திரட்டாதி. அவ்வளவுதானே?

— இன்னும் ஒண்ணு இருக்கு குருக்களே.

— அத்தை, வேண்டாம்.

— அவிட்டம்.

— உங்க பிள்ளை சுவாதியாச்சேம்மா. இது யாரு?

— கண்ணாடிக் கடையில லென்ஸ் போடுறவரு. எனக்கு மூக்குல ஒண்ணும் உறுத்தலை கண்ணு, மூணு நாள் உட்கார்ந்து பேசிப் பார்த்தாத்தானே ஆளு எப்படின்னு தெரியும். நம்ம தெருவுலயே வீடு பார்க்கச் சொல்லியிருக்கேன். அழாத, கற்பூரம் காட்டுறாரு பாரு. குருக்களே, ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லுங்க.