மேட்டுத் தண்ணி

— அதாவது சம்பந்தியம்மா, மதகை மூடினது நீங்க இல்லைன்னா வேற யாரு?

— மூடுறதுக்கு மதகே கிடையாது சம்பந்தி. அடிவாரத்துலேருந்து ஏறி வந்தீங்களே, வழியில ஒரு மதகையாவது பாத்தீங்களா? இந்தக் குழாயைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. சொட்டுநீர் ஃபில்டரைக் கழுவிட்டு டீ போடுறேன்.

— என்ன இது, உள்ள இவ்வளவு சேறு?

— கால்வாய்த் தண்ணியில சேறு வராம பன்னீரா வரும்? ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கழுவலைன்னா சொட்டுற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். ம், விடுங்க, போதும். நிழலுக்கு வாங்க.

— இங்க எங்க நிழல்?

— சோலார் தகட்டுக்கு அடியிலதான். என் ஆடு ரெண்டும் படுத்திருக்கும், தள்ளிவிட்டுட்டு உக்காருங்க.

— ஆட்டுக்கு இருக்குற மரியாதை சம்பந்திக்கு இல்ல.

— ஆடு காலங்காத்தால வந்து, தண்ணியை மறிச்சுட்டேன்னு எங்கிட்ட சண்டை போடல.

— சண்டை இல்லம்மா, ஒரு பேச்சுக்குக் கேட்டேன். இந்தத் தோஷ்தெமிர் யார்கூடயாவது சண்டை போட்டான்னு கீழ்த்தெருவுல ஒருத்தர் சொல்லட்டும்.

— சரி, குளத்துல என்னதான் ஆச்சு? முதல்லேருந்து சொல்லுங்க.

— போன வருஷமே கொஞ்சம் இறங்குச்சு. வெயில்னு நெனச்சோம். இந்த மே மாசம் ஒரு ஜாண். ஜூன்ல ரெண்டு. மேட்டடியில ஊத்து இருக்கே, அது என் தொடைப் பருமனுக்கு வரும். இப்ப கெட்டில் மூக்குல ஊத்துற மாதிரி வருது. செவ்வாய்க்கிழமை நாப்பது கெண்டை வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ இருக்கும். என் பையன் இல்யோர் ஒண்ணொண்ணா எடுத்துக் கரையில அடுக்கினான்.

— மாப்பிள்ளை ரெண்டு நாளா சாப்பிடலைன்னு ஹுமோரா போன்ல சொன்னா. காரணம் சொல்லல.

— உங்க பொண்ணு எப்படிச் சொல்லுவா? அவளுக்கு ரெண்டு வீடும் வேணும்ல.

— இந்தாங்க டீ.

— பியாலாக் கிண்ணத்தை நிறைச்சுடாதீங்க. கிளம்புன்னு சொல்ற மாதிரி இருக்கும்.

— பாதிதான் ஊத்தியிருக்கேன், நிம்மதியாக் குடிங்க. ரொட்டியைப் பிட்டுக்குங்க. இப்ப கேளுங்க சம்பந்தி, இதுல மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க ஊத்து ஊத்தே இல்ல.

— என்னது?

— நிலத்தடித் தண்ணி அளக்க மாவட்டத்துலேருந்து ஒரு ஆளு வந்தான்ல, அவன் சொன்னான். "அக்கா, இத்தனை வருஷமா நீங்க மேல ஏத்தின தண்ணியில பாதிதான் மரத்துக்குப் போயிருக்கு. மீதி மண்ணுக்குள்ள இறங்கி, அடிவாரத்துல வெளிய வந்திருக்கு"ன்னான். கூட்டுப்பண்ணைக் காலத்துலேருந்து இப்படித்தான் பாய்ச்சினோம். வாய்க்கால்ல திறந்துவிட வேண்டியது, வரிசை முழுக்க ரொம்புற வரைக்கும் மண்வெட்டியோட நிக்க வேண்டியது. போன வருஷக் கோடை கடைசியிலேருந்து ஒவ்வொரு ஆப்ரிகாட் மரத்துக்கும் காலடியில சொட்டுது. அதுக்கு மேல ஒரு வாய் கிடையாது. மேல மிஞ்சல, அதனால கீழ வரல.

— அப்ப எங்க மீன் இத்தனை வருஷமா குடிச்சது உங்க தண்ணி.

— நான் சிந்தின தண்ணி.

— சிந்தினதோ கொட்டினதோ, அதை நம்பித்தான் பிழைச்சோம். அந்த நிலத்துல கோதுமை போட்டேன், வேர் அழுகிப்போச்சு. பருத்தி போட்டேன், நாணல்தான் வந்துச்சு. தண்ணியில அழுகாதது எதுன்னு யோசிச்சுக் குளம் வெட்டினேன். ஊரே சிரிச்சுது. இல்யோர் கைக்கு வந்ததும் சிரிச்ச வாயெல்லாம் மீன் கேட்டு வரிசையில நின்னுச்சு. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு இருநூறு பேருக்குப் பொரிச்சது அந்தக் குளத்து மீன்தான்.

— எங்க அக்கா இன்னும் அந்த மீனைப் பத்தித்தான் பேசுவா. பொண்ணு மாப்பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

— அதாவது சம்பந்தியம்மா, நான் கேக்குறது பெருசு இல்ல. வாரத்துல ரெண்டு நாள். பழைய மோட்டார் இன்னும் கொட்டகையிலதானே இருக்கு? ரெண்டு நாள் மட்டும் பழையபடி பாய்ச்சுங்க. மீதி அஞ்சு நாள் உங்க சொட்டுநீரு சொட்டட்டும்.

— முடியாது.

— ஏன் முடியாது?

— கையெழுத்துப் போட்டிருக்கேன். தகடு, குழாய் எல்லாத்துக்கும் பாதிக்கு மேல அரசாங்கம் கொடுத்திருக்கு. அஞ்சு வருஷத்துக்குப் பழைய மோட்டாரைத் தொடக்கூடாது. தொட்டது தெரிஞ்சா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடுவாங்க.

— அவங்க என்ன தினமுமா வந்து பாக்குறாங்க?

— அந்த மோட்டாரைப் போட்டா உங்க தெரு பல்பெல்லாம் மங்கும், மறந்துட்டீங்களா? அவங்க வந்து பாக்க வேண்டாம், உங்க தெருக்காரனே போன் பண்ணிச் சொல்லிடுவான். அறுபது மீட்டர் மேல தள்ளணும்ல. ஒரு வாரத்துக்கு அது தின்ன கரண்டு உங்க தெருவுக்கே ஒரு மாசம் போதும். இப்ப பாருங்க, சத்தம் கேக்குதா? சோலார் மோட்டார் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

— ஓடுதா? ஒண்ணும் கேக்கலையே.

— வெயில் ஏற ஏறத் தண்ணியும் ஏறும். மரம் தவிக்கிற நேரத்துலதான் வெயிலும் ஏறுது. கரண்டு எப்ப வரும்னு காத்துக்கிட்டுக் கிடந்ததெல்லாம் போச்சு. களையும் இல்ல, வேரழுகலும் இல்ல. போன வருஷத்தைவிட இந்த வருஷம் காய் திரட்சியா இருக்கு. நான் ஒருத்தியா பாத்துக்கிறேன், கூலிக்கு ஆள்கூடத் தேடல.

— உங்களுக்கு நல்லது நடக்கட்டும், வேண்டாங்கல. அப்ப மிச்சம் பிடிச்ச தண்ணியை எங்க குளத்துக்குக் கால்வாய் வழியா எழுதிக் கொடுங்களேன்.

— அதையும் கேட்டேன்.

— கேட்டீங்களா?

— உங்க பையன் என் மாப்பிள்ளை இல்லையா? தண்ணி அளக்க வந்தவன் சொன்னதுமே, ஏப்ரல்லயே பாசன சங்கத்துல போய்க் கேட்டேன். கோடைக்குப் பயிருக்கு மட்டும்தான் பங்கு, மீனுக்குப் பங்கு கிடையாதுன்னுட்டாங்க. நான் எடுக்காம விட்டது கடைமடைக்குப் போகுது. ஜூலை மாசத்துல அந்த ஊர் ஜனங்க தண்ணியைப் பாக்குறது இதுதான் முதல் தடவையாம். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் ஒரு தர்பூசணியைத் தூக்கிக்கிட்டு இவ்வளவு மேடு ஏறி வந்து கொடுத்துட்டுப் போனார்.

— கடைமடைக்காரன் தர்பூசணி கொடுக்குறான். நான் செத்த மீன் கொண்டு வந்திருக்கணும்.

— அப்படிப் பேசாதீங்க அண்ணே.

— பேசுறதுக்கு வேற என்ன இருக்கு? இல்யோர் ரஷ்யாவுக்கு, கஸானுக்குப் போறேங்கிறான்.

— எப்ப?

— அடுத்த மாசம். அவன் கூட்டாளி ஒருத்தன் அங்க கட்டட வேலையில இருக்கான், கூப்பிட்டிருக்கான். குளத்துல தண்ணி வந்தா இருப்பேன், இல்லைன்னா போவேன். இதுதான் அவன் பேச்சு. "ஹோசியத் அத்தைகிட்ட நீங்க போய்க் கேளுங்கப்பா, நான் கேட்டா மரியாதையா இருக்காது"ன்னு அவன்தான் அனுப்பினான்.

— ஹுமோராவுக்குத் தெரியுமா?

— அவதான் அவன் சட்டையெல்லாம் துவைச்சு மடிச்சு வைக்கிறா. ஒண்ணும் கேக்கல.

— கேக்க மாட்டா. அவளுக்கு அது பழக்கம்.

— என்ன பழக்கம்?

— எங்க வீட்டுக்காரர் ஏழு வருஷம் அந்த ஊர்ல இருந்தார். மார்ச்ல போனா நவம்பர்ல வருவார். அப்புறம் நவம்பர்லயும் வரல. ஹுமோரா அப்பாவை போட்டோவுலதான் பாத்து வளந்தா. ஆறு வயசுல அவர் வந்து வாசல்ல நின்னப்ப, "அம்மா, யாரோ வந்திருக்காங்க"ன்னு உள்ள ஓடி வந்தா. அவர் அன்னிக்குச் சாப்பிடவே இல்ல. முதுகு போனப்புறம்தான் நிரந்தரமா வந்தார். வந்து மூணு வருஷம் இருந்தார், அவ்வளவுதான்.

— எனக்குத் தெரியாதா? அவருக்குக் குழி தோண்டினவங்கள்ல நானும் ஒருத்தன்.

— பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறப்ப நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். வேலை உள்ளூர்லதானேன்னு.

— ஆமா. குளம் இருக்கு, எங்கயும் போக மாட்டான்னு நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

— இன்னொரு டீ?

— ஊத்துங்க.

— சரி சம்பந்தி. வியாழக்கிழமை மோட்டாரைப் போடுறேன்.

— என்ன சொன்னீங்க?

— வியாழனும் ஞாயிறும். கிழக்குச் சரிவுல பழைய வாய்க்கால் இன்னும் தூராமதான் கிடக்கு. நேரா அதுல விட்டா, மண்ணு குடிச்சது போக ரெண்டு மூணு வாரத்துல உங்க அடிவாரத்துக்கு வந்துடும். அதுவரைக்கும் மீனை எப்படியாவது தாக்குப்பிடிக்கச் சொல்லுங்க. மாப்பிள்ளை பையெல்லாம் எடுத்து வைக்க வேண்டாம்.

— கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.

— போட்டிருக்கேன். கழட்டிட்டுப் போனா போகட்டும். முப்பது வருஷம் மண்வெட்டியோட நின்னவதான், திரும்ப நின்னுட்டுப் போறேன்.

— மரத்துக்கு வேர் அழுகும்.

— அந்தச் சரிவுல மரம் இல்ல.

— கடைமடையில அந்த ஆளு... தர்பூசணி கொடுத்தாரே.

— அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். என்ன சம்பந்தி இது? காலையிலேருந்து நீங்க கேட்டீங்க, நான் தடை சொன்னேன். இப்ப தரேங்கிறேன், நீங்க தடை சொல்றீங்க.

— ம்.

— சந்தோஷமா எழுந்து போவீங்கன்னு பாத்தா, பியாலாவையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.

— எங்க வீடு குளத்துக்குப் பக்கத்துல இருக்கு.

— அது தெரிஞ்சதுதானே.

— மண்சுவரு. இடுப்பு உயரத்துக்கு எப்பவும் ஈரம் ஏறியிருக்கும். உப்புப் பூத்து உதிரும், திரும்பப் பூக்கும். காலையில மெத்தையைத் தூக்கினா அடியில பூசணம். எத்தனை தடவை சுண்ணாம்பு அடிச்சேன்னு கணக்கே இல்ல. பதினாலு குளிர்காலம் என் வீட்டுக்காரி ஷரோஃபத் அந்தத் தரையில படுத்துத்தான் இருமினா.

— அண்ணி இருமல் எனக்குத் தெரியாதா? சம்பந்தம் பேச வந்தப்பவே உங்க வீட்டு வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

— இந்தக் குளிர்காலம் இருமல.

— இருமலையா?

— டிசம்பர்ல கொஞ்சம். அப்புறம் இல்ல. பிப்ரவரியில ஒரு நாள் சுவர்ல சாஞ்சேன், சட்டை நனையல. கையை வச்சுப் பாத்தேன், காஞ்சிருந்துச்சு. மெத்தைக்கு அடியில பாத்தேன், அதுவும் அப்படித்தான். நிலவறையில எப்பவும் கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்கும்ல, அங்க இப்ப உருளைக்கிழங்கு வச்சிருக்கோம். டாக்டர் அவ நெஞ்சுல குழாயை வச்சு ரெண்டு தடவை கேட்டார். எங்க வைத்தியம் பாத்தீங்கன்னு கேட்டார். எங்கயும் இல்லைன்னேன். அவர் நம்பல.

— அப்ப அந்த ஈரமும் இங்கேருந்துதான் வந்திருக்கு.

— எல்லாம் ஒரே தண்ணிதானே. போன வாரம் அவ தானா நடந்து குளத்துக்கரை ஏறி எனக்குச் சோறு கொண்டு வந்தா. நான் பயத்துல அவளைத் திட்டிட்டேன்.

— மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?

— அம்மாவுக்கு உடம்பு தேறியிருக்குன்னு தெரியும். தண்ணியோட சேர்த்துப் பாக்கல. குளத்துல தண்ணி இறங்குறதை மட்டும்தான் அவன் பாத்தான்.

— சொல்ல வேண்டியதுதானே. நல்ல பிள்ளை, புரிஞ்சுக்குவான்.

— புரிஞ்சுக்குவான், குளத்தை விட்டுடுவான். அது ஷரோஃபத் காதுக்குப் போகாம இருக்குமா? போனா அவளே இங்க ஏறி வந்து, தண்ணியைத் திறந்துவிடுங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக்குவா. மகன் ஊரைவிட்டுப் போறதுக்கு நான் காரணமான்னு கேப்பா. இருமிக்கிட்டே செத்தாலும் பரவாயில்லைன்னு சொல்றவ அவ. என்கூட முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணவ, எனக்குத் தெரியாதா?

— அப்ப நீங்களே அவன்கிட்ட, கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே.

— ஏன்னு கேப்பான். எனக்குப் பொய் வராது. முகத்துல தெரிஞ்சுடும்.

— அதனால?

— அதனால அவன் சொன்னபடி வந்து கேட்டேன். எதையும் விடாமக் கேட்டேன். நீங்க கறாரான ஆளு, முடியாதுன்னுடுவீங்கன்னு நம்பித்தான் மேடு ஏறினேன். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. கஸான் பேச்சை எடுத்திருக்கக்கூடாது. வாயில வந்துடுச்சு.

— அவன் போயிடுவானே அண்ணே. என் பொண்ணு?

— போவான். உங்க மேல கோபத்தோட போவான். ரொம்ப நாள் அத்தைன்னு கூப்பிட மாட்டான். ஹுமோரா பக்கத்துல நாங்க ரெண்டு பேரும் இருப்போம். அவளுக்கு அது போதாதுன்னு எனக்குத் தெரியும். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல, சம்பந்தியம்மா.

— அண்ணி நேத்து என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?

— நேத்தா? முத்தத்துல உக்காந்து தக்காளி நறுக்கிக் காயப் போட்டா. உங்க பொண்ணோட ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டு.

— சரி, எழுந்திரிங்க. வெயில் ஏறிடுச்சு. வீட்டுக்குப் போனா மாப்பிள்ளை உங்க முகத்தைத்தான் பாப்பான். உங்களுக்குப் பொய் வராதுன்னீங்க. அதனால கேக்க வேண்டியதை இன்னொரு தடவை கேளுங்க.

— தண்ணி விடுவீங்களா, சம்பந்தியம்மா?

— மாட்டேன்.