சால்வுவுக்காக ஒரு குளியலறை

இல்ல தம்பி, பூட்ஸைக் கழட்டாதீங்க. அப்படியே வாங்க. தரையே இல்லாத எடத்துல பூட்ஸுக்கு என்ன வந்துச்சு? டைல்ஸையெல்லாம் பேத்துப் போட்டதே நீங்கதான.

என்ன? படியா? படி வேண்டவே வேண்டாம். ஷவர் வரைக்கும் சக்கர நாற்காலி உருண்டு போகணும். பக்கவாதம் வந்ததுலேருந்து எங்க வீட்டுக்காரரு சால்வுவுக்கு எடது கால் தூக்க வரல. அவரு இப்ப இருக்கற முதியோர் ஹோம்ல அந்த நர்ஸம்மா கறாரா சொல்லிட்டா. பாத்ரூமைச் சரி பண்ணுங்க, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம், இல்லன்னா அனுப்ப மாட்டோம்னு. அதுக்குத்தான் இந்தப் பாடு. பிடிச்சுக்கற கம்பி வலது பக்கமே இருக்கட்டும், அந்தக் கைதான் ஒழுங்கா வேலை செய்யுது.

பஸ்திட்ஸி சாப்பிடுங்க, சூடா இருக்கு. உள்ள சீஸுதான். எங்க மால்ட்டாக்காரங்க கைக்கு ஒண்ணு ரெண்டுன்னு சுடத் தெரியாது. இத்தனை நான் ஒருத்தியா திங்கறது? எடுங்க, இன்னொண்ணு எடுங்க.

ரேடியோவா? தாராளமா வைங்க. நல்லா சத்தமாவே வைங்க. நீங்க போனப்புறம் பிரிட்ஜு உறுமற சத்தம்தான் எனக்குத் துணை.

நடை இப்ப அகலமா இருக்கா? இருக்கும் இருக்கும். கெடந்த சாமானெல்லாம் வெளிய போயிடுச்சுல்ல. அவரோட சாய்வு நாற்காலி, கட்டில், மீன் புடிக்கிற தூண்டில் கட்டு. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒண்ணு வருது, அதைப் போட எடம் வேணாமா? கவுன்சில் லாரி வேண்டாத கட்டில், மேஜைன்னு பெரிய குப்பை அள்ளுற வாரம் வந்துச்சா, எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயி முன்னாடி புல்தரைல வெச்சேன். தெரியுமே உங்களுக்கு, லாரிக்கு முன்னாடியே, நல்லதாப் பாத்துத் தூக்கிட்டுப் போக ட்ரெய்லரைக் கட்டிக்கிட்டு வந்துடறானுங்க. கழுகு கெட்டது போங்க. நீங்களும் எடுத்திருக்கீங்களா? வாஷிங் மெஷினா? நல்லா ஓடுதா? பாருங்களேன்!

சாமானை வெளிய வெச்ச அன்னிக்குத்தான் நான் அவரைப் பாக்கக் கெளம்புனேன். தண்டவாளத்துல வேலைன்னு ரயில் இல்ல, பதிலுக்கு பஸ்ஸு. அது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் உள்ள போயி வெளிய வந்து, மாட்டு வண்டி தோத்துச்சு. மடில டைல்ஸு சாம்பிள் ரெண்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீலமா பச்சையான்னு அவரையே கேட்டுடலாம்னு.

நான் பஸ்ஸுல போயிக்கிட்டிருக்கேன், அவரு வேன்ல இங்க வந்துக்கிட்டிருக்காரு. கூத்தைப் பாத்தீங்களா? ஹோம்ல அவங்களையெல்லாம் வெளிய சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போவாங்க. வேன் ஓட்டறவரு ஒரு சமோவாக்காரரு, தங்கமான மனுஷன். அவரா ஆசைப்பட்டு, சால்வு அண்ணே, உங்க தெரு வழியாவே போவோமான்னு கேட்டிருக்காரு. இவருக்கும் வாயெல்லாம் பல்லாம்.

வந்தாங்க. வீட்டு வாசல்ல இவரோட நாற்காலி. இவரோட கட்டில். எவனோ ஒருத்தன் தூண்டிலைத் தூக்கி ட்ரெய்லர்ல போட்டுக்கிட்டிருந்தானாம்.

நான் போயிச் சேந்தப்போ செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தாரு. நீலமா பச்சையான்னு கேக்கறேன், போர்வையை இழுத்து மூடிக்கிட்டாரு. அந்த டிரைவருதான் பாவம், நடந்ததைச் சொல்லிட்டுக் கையப் பெசஞ்சுக்கிட்டு நின்னாரு. உங்களுக்கு எடம் பண்ணத்தான் எடுத்தேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அப்ப என் நாற்காலி எங்கங்கறாரு. எவனோ கொண்டு போயிட்டான்னு எந்த வாயால சொல்றது?

நான் இருக்கும்போதே என் சாமானைத் தூக்கி வெளிய போட்டுட்டல்ல, இனிமே நீ ராணி மாதிரி இரு, நான் இங்கயே இருந்துக்கறேன்னாரு. நர்ஸம்மாகிட்டயும் சொல்லிட்டாராம். கிறிஸ்துமஸுக்கு வரல. எப்பவுமே வரலையாம்.

ஐயோ, எதுக்கு தம்பி அளவு நாடாவைச் சுருட்டறீங்க? நீங்க வேலையப் பாருங்க. இப்ப பாதியில நிறுத்துனா, அவரு நெனச்சதுதான் நெசம்னு ஆயிடும்ல? கதவு சொன்ன அகலத்துக்கே இருக்கட்டும். கலரு... நீலமே போடுங்க.

நாளைக்கும் வருவீங்கல்ல?