பெட்டிக்குள் பெட்டி

— இன்னாபா நயினாரு, லேப்டாப்ப தொறந்தா நம்ம ஸ்கேன் சென்டர் பழைய கம்ப்யூட்டரே வருது? நான் வெச்ச முருகர் படம் கூட அப்படியே கீது.

— அதேதான் கலைமதியக்கா. உங்க பழைய பெட்டிய முழுசா காப்பி எடுத்து இந்தச் சின்ன டிஸ்க்ல போட்டிருக்கேன். வர்ச்சுவல் மெஷின்னு பேரு. எந்த லேப்டாப்ல சொருகினாலும் எந்திரிச்சு உக்காந்துக்கிடும்.

— எதுக்கு அத்தினி சுத்து? எக்ஸ்ரே சாஃப்ட்வேர நேரா லேப்டாப்புல போட வேண்டியதுதானே?

— போட்டுப் பாத்தேன்லா. பழைய விண்டோஸ் எக்ஸ்பி இல்லாம ஓடமாட்டேன்னு ஒரே அடம். சரி, கெடக்கட்டும்னு குடியிருந்த வீட்டோட தூக்கிட்டு வந்துட்டேன்.

— வூட்டோடவா. தோ பாரு, எனக்கு ஒரு டவுட்டு. உள்ள கீற கம்ப்யூட்டருக்கு, தான் இன்னொண்ணுக்குள்ள கீறோம்னு தெரியுமா?

— தெரியாது. இன்னும் ஸ்ரீபெரும்புதூர்ல உங்க மேசை மேல இருக்கதாத்தான் நெனச்சுக்கிட்டு ஓடும்.

— பாவம்பா அது. சரி, இன்னா நீ இருமிகினே கீற?

— நான் வேலை பாக்குற கம்பெனி லைன்ல ஏசி யக்கா. ஒத்துக்கிடல. நீங்க பாருங்க.

— பாக்காம வுடுவேனா? நாளைக்கு வல்லம் வடகால் கம்பெனில புது ஆளுங்களுக்கு மெடிக்கல். நம்ம எக்ஸ்ரே டெக்னீசியன் எழிலரசன் வேன்ல படம் எடுக்க சொல்லோ இந்த லேப்டாப்புதான் கூடப் போவுது. ஒருத்தன் நெஞ்சு இன்னொருத்தன் பேர்ல வந்துதுன்னு வை, ஒரு குடும்பமே நாசமாப் பூடும். பழைய படத்த வெச்சு சரிபார்த்துட்டுதான் அனுப்புவேன்.

— தாராளமா.

— மொதல்ல கொம்பையா. போன வருசம் எடுத்தது. தொறக்குதுபா, சூப்பர். நெஞ்சு சுத்தம். கழுத்துக்குக் கீழ இடது காறை எலும்பு மட்டும் எப்பவோ ஒடைஞ்சு கூடிகீது. கொட்டப்பாக்காட்டம் ஒரு முடிச்சு.

— ம்.

— அடுத்தது யாக்கோபு. இரு, இரு. இதுவும் அதே படம்.

— எலும்புன்னா எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான யக்கா இருக்கும்.

— யாருகிட்ட சொல்ற? பொழுதன்னிக்கும் இதத்தான் பாத்துகினு கீறேன். அதே எடம், அதே முடிச்சு. பேரு மாறுது, படம் மாறல. உன் பெட்டி கொழப்புது.

— பெட்டி கொழப்பாது.

— பின்ன இது இன்னா? வேணாம்பா, இத நான் வேனுக்கு அனுப்ப மாட்டேன்.

— பழைய கம்ப்யூட்டர்லயே தொறந்து பாருங்க. அங்கயும் இப்படித்தான் இருக்கும்.

— பாக்காமயே எப்படி சொல்ற நீ?

— உள்ளூர்க்காரர் யார் பேரையாவது தொறங்களேன்.

— பரசுராமன், வல்லத்துக்காரரு. ம், இது வேற. எலும்பு நேரா கீது.

— பாத்தியளா? பெட்டி சரியாத்தான் இருக்கு.

— அப்ப அந்த ரெண்டு பேரு? ரெண்டு பேரும் ஒரகடத்துல உன் ரூம்பு ஆளுங்கதானே? உங்க ரூம்புலேர்ந்து இன்னொருத்தனும் வந்தான். சுடலைக்கண்ணு.

— அவன் வேலை புடிக்கலன்னுல்லா ஊருக்குப் போயிட்டான்.

— அப்படியா சொன்னான் உங்க கிட்ட? சொல்லக் கூடாதுதான். டிபி பா. மூணு மாசம் முன்ன புது கம்பெனி மெடிக்கல்ல மாட்டிகினான். அன்ஃபிட்டுனு எழுதிட்டாங்க. யாருக்கும் சொல்லாதீங்கக்கான்னு அழுதான்.

— சுடலைக்கா? அவன் ஒரு நாள் தும்மினது கூட கெடையாதே.

— அதான் எனக்கும் புரியல. சளி டெஸ்ட்ல ஒண்ணும் வரல. ஆனா படத்துல கீதேன்னு டாக்டர் மாத்திர எழுதிட்டாரு. அவன் இன்னான்னா சளி டெஸ்ட்லதான் வந்துதுன்னு நெனச்சிகினு கீறான். தெனம் வாந்தியாம். பொண்ணு வூட்ல கல்யாணத்த நிறுத்திட்டாங்களாம். போன வாரம் போன் பண்ணி சொன்னான்.

— யக்கா, அவன் படத்தத் தொறங்க.

— தோ. வலது பக்கம் மேல வெள்ளையா, பொகை படிஞ்சாப்புல தெரியுதா? அதான்.

— காறை எலும்ப பாருங்க.

— இடது பக்கம்... நயினாரு, அதே முடிச்சுபா.

— அன்னிக்கு அவனுக்கு பழைய கம்பெனில ஓ.டி. லீவு கேட்டா சூப்பர்வைசர் கடிச்சுத் துப்பிருவான். எங்க ரூம்ல அதான் வழக்கம் யக்கா. ஷிப்ட் இல்லாதவன் மத்தவன் ஐடி கார்ட வாங்கிட்டுப் போயி வேன்ல நிப்பான். ஒரு நெஞ்சுப் படம்தானேன்னு நெனச்சோம்.

— அடப்பாவிங்களா. எழிலரசன் மூஞ்சியக் கூட பாக்க மாட்டானா? மூணு தபாவும் யாருபா போயி நின்னது?

— எட்டாங்கிளாஸ் படிக்கையில பஸ் மேல இருந்து விழுந்தேன். இங்கன தொட்டுப் பாருங்க, சட்டைக்கு மேலயே தட்டுப்படும்.

— நயினாரு...

— சுடலைக்கு இப்பவே போன் போடுங்க யக்கா, அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, அந்த மாத்திரைய எனக்கு எங்க குடுப்பாவன்னு சொல்லுங்க.