அண்ணன் சட்டையில் குஞ்சம்

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இன்று கைத்தட்டலுக்குத் தலைமை தாங்க வந்திருக்கும் எங்கள் தையல் தொழிலாளர் சங்கத் தலைவி அவர்களே! ஊசியில் நூல் கோத்துக் கோத்தே மூக்குக் கண்ணாடியின் கனத்தைக் கூட்டிக்கொண்ட பெரியோர்களே! கிழிந்ததைத் தைப்பதில் சலிப்பே காணாத தாய்மார்களே! கடைசி வரிசையில் நின்றாலும் கணீரென்று குரல் கொடுக்கும் தம்பிமார்களே! தலை தாழ்ந்த வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, குஞ்சம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! நானும் சிரித்தேன். நூலிழைகளைச் சேர்த்து, கழுத்தில் ஒரு கட்டுப் போட்டு, கீழே விரியவிட்டால் அது குஞ்சம். துணி முடிகிற இடத்தில் தொங்குகிற அழகு. குளிருக்கு ஆகுமா? ஆகாது. மானத்தை மறைக்குமா? மறைக்காது. ஆனாலும் சண்டை என்று வந்துவிட்டால் நம் வாயில் முந்திக்கொண்டு வருவது எது? "உனக்கு மட்டும் என்ன குஞ்சமா கட்டியிருக்கு?" என்ன அம்மா, நேற்றுக்கூடக் கேட்டீர்களா? வீட்டுக்காரரையா? சரி, சரி!

ஒருவரை உயர்த்திக் காட்டக் கட்டிய அலங்காரத்தை, 'நீ ஒன்றும் உசத்தியில்லை' என்று இடித்துரைக்க எடுத்துக்கொண்டோம். அந்தச் சொல்லை என் அண்ணி என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் அண்ணன் பேருந்து ஓட்டியவர். அண்ணி ஜன்னல் திரை தைக்கும் பட்டறையில் குஞ்சம் கட்டுபவர். "நூலைத் தொங்க விடுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேலி பேசுவார் அண்ணன். அப்படிப்பட்டவருக்கு நோய் வந்து இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று.

அதையும் தாங்கினார். ஒருநாள் சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். யாரோ சிரித்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், அதன்பின் வாசற்படி தாண்டவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். "வெளியில எனக்கு என்ன வேலை?" என்பார், அவ்வளவுதான்.

அண்ணி கெஞ்சவில்லை. அவருடைய சட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு, கழுத்துப்பட்டையின் உட்புறத்தில், விரல் நகம் அளவுக்குக் குஞ்சம் கட்டினார். வெள்ளைக்கு ஒன்று. நீலத்துக்கு இரண்டு. தடவிப் பார்த்தால் நிறம் தெரியும். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்பதும் தெரியும்.

அண்ணன் தடவினார். தடவியதும் வெடித்தார்.

"என்னடி இது? குஞ்சமா? நான் என்ன ஜன்னல் திரையா?"

"ஜன்னலுக்குக் கூலிக்குக் கட்டுறேன்" என்றார் அண்ணி. "உங்களுக்கு மட்டும்தாங்க ஆசைப்பட்டுக் கட்டியிருக்கேன்."

ஊரெல்லாம் ஏச எடுக்கும் சொல்லை அண்ணி அன்புக்கு எடுத்துவிட்டாரே! அண்ணன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குஞ்சத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பட்டறை வாசலில் கோலோடு ஒருவர் வந்து நின்றார். இத்தனை ஆண்டுகளில் அங்கே காலெடுத்து வைக்காதவர். தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"ஏய், நான் போட்டிருக்கிறது வெள்ளைதானே?"

அண்ணி வாய் திறப்பதற்குள் பட்டறையே பதில் சொன்னது: "வெள்ளைதான் அண்ணா! உள்ள வாங்க!"

உள்ளே வந்தார். உட்கார்ந்தார். "சும்மா உக்காந்தா கை அரிக்குது, கொஞ்சம் நூல் குடு" என்றார். அன்று முதல் அவர்கள் இருவருக்கும் ஒரே பலகை.

அன்பர்களே, அண்ணாந்து பாருங்கள்! இந்த மேடைத் திரையில் தொங்குபவை அவர்கள் இருவரும் கட்டிய குஞ்சங்கள். அண்ணி கட்டியவை நேராக இருக்கும். கொஞ்சம் கோணலாக இருப்பவை...

"டேய்! எதுடா கோணல்?"

கேட்டீர்களா? முன்வரிசையில் நீலச் சட்டையில் இருக்கிறாரே, அவர்தான்! அண்ணா, கோணல் என்று நான் சொன்னேன். திருத்திக் கட்டலாமா என்று தலைவி கேட்டபோது, "அதுல யாரும் கை வைக்காதீங்க" என்று அண்ணி சொன்னார்கள். பக்கத்தில்தான் இருக்கிறார்கள், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்!

கேட்ட காதுகளுக்கும் கனிந்த நெஞ்சங்களுக்கும் நன்றி, வணக்கம்!